வாய்க்கால் மணலில் பந்து

கோடைக்குப் பிறகு ஒரு பாசன வாய்க்காலின் மதகைத் திறக்க வேண்டுமானால், முந்தின நாளே அந்த வாய்க்கால் பாயும் ஊர்களில் தண்டோரா போட வேண்டும். திறக்கிற நாள் காலையில், மதகைக் கவனிக்கும் லஸ்கர் வாய்க்காலின் முழு நீளத்தையும் கரையில் நேரில் நடந்து, உள்ளே மனிதரோ மாடோ இல்லை என்று பார்க்க வேண்டும். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் ஷட்டரில் கை வைக்கலாம். இந்தச் சுற்றறிக்கை எனக்கு மனப்பாடம். பாசனக் கோட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு வைகாசியிலும் தேதியை மட்டும் மாற்றி இதை அனுப்பியிருக்கிறேன். ‘நடந்து’ என்பதற்கு முன்னால் ‘நேரில்’ என்று சேர்த்தது நான்தான். சில லஸ்கர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே வாய்க்கால் முழுக்க நடந்து முடித்துவிடுகிறார்கள் என்று அப்போது ஒரு புகார் வந்திருந்தது.

ஒரு விதியைத் தன் கையால் எழுதி அனுப்பியவன், அது நடக்கும் என்று நம்பக்கூடாது. நான் நம்பினேன். அதுவும் பதினொரு குழந்தைகளை வைத்துக்கொண்டு.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கத்தில். என் வீட்டிலிருந்து நான்காவது கட்டடம் அங்கன்வாடி. மாசி மாதக் கடைசியில் அங்கன்வாடி டீச்சர் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குழந்தைகளின் வளர்ச்சியைக் குறிக்கிற படிவம். அதில் ஒரு வரி: ‘தூக்கிப் போடும் பந்தை இரு கைகளாலும் பிடிக்கிறது, ஆம் அல்லது இல்லை.’ எல்லாக் குழந்தைக்கும் ‘ஆம்’ போட்டு அனுப்புவதுதான் இதுவரை வழக்கமாம். ஆனி மாதம் மேற்பார்வையாளர் நேரில் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் பந்து பிடிக்கச் சொல்லிப் பார்க்கப் போகிறாராம். ஒரு குழந்தைக்கும் பிடிக்கத் தெரியாது.

“பொய்யா எழுதவும் பயமா இருக்கு சார், பந்து போட்டுக்கிட்டு நிக்கவும் நேரமில்ல. படிவம்னா உங்களுக்குத்தான் அத்துப்படின்னு சொன்னாங்க.”

படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்க வந்தவரிடம் நான் செயல்பாட்டுக் கையேட்டைக் கேட்டு வாங்கினேன். இதுவரை அதை யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து அடிக்கோடிட்டுப் படித்தேன். ஒரு விஷயம் புரிந்தது. சின்னக் குழந்தைக்குப் பந்து பிடிக்கத் தெரியாததற்குக் கை காரணமில்லை. பயம்தான் காரணம். பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணை மூடிக்கொள்ளும், பந்து போன பிறகு கையைச் சேர்க்கும். இவர்களைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் பணிக்காலம் முழுவதும் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

பழைய வேட்டியைக் கிழித்து, வைக்கோலை உருட்டி, அதன் மேல் சுற்றித் தைத்து மூன்று பந்து செய்தேன். மேலே பட்டால் வலிக்காது. முதல் விளையாட்டில் பிள்ளைகள் காலை அகட்டி உட்கார வேண்டும். பந்து ஒரு பூனைக்குட்டி. உருண்டு வரும், அது வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்த வேண்டும். கைதான் கதவு. அடுத்தது கைக்குட்டை. மேலிருந்து விட்டால் அது ஆடி ஆடி மெதுவாக இறங்கும், பயப்பட அவகாசம் கொடுக்கும். பிறகு பலூன். அதற்கும் பிறகுதான் இரண்டடி தூரத்திலிருந்து பந்து. அறுப்புக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லை அள்ளி விளையாடிய பிள்ளைகள் ஆதலால், “நெல் அள்ளுற மாதிரி அள்ளி மாரோட சேத்துக்கோ” என்றால் உடனே புரிந்துகொண்டார்கள்.

இடம்தான் இல்லை. அங்கன்வாடியின் முற்றத்தில் போன வருடம் குடிநீர்த் தொட்டியைக் கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது வாசலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே பாய் விரிக்கிற அகலம். ஒருநாள் பந்து உருண்டு ரோட்டுக்குப் போனது. நான்கு வயதுப் பெண் ஒருத்தி அதன் பின்னால் ஓடினாள். மினி பஸ் பிரேக் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. பந்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் இறங்கி வந்து, என் வயதுக்கு நான் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். அந்தப் பெண் அதன் பிறகு பந்தைக் கண்டாலே கண்ணை இறுக்கி மூட ஆரம்பித்தாள். பூனைக்குட்டி விளையாட்டில் எல்லோருக்கும் முன்னால் கதவைச் சாத்தியவள் அவள்.

அங்கன்வாடிக்குப் பின்னால் வாய்க்கால். தையில் தண்ணீர் நின்றதிலிருந்து காய்ந்து கிடந்தது. தரையில் சுத்தமான மணல், இரண்டு பக்கமும் என் உயரத்துக்குக் கரை. பந்து எங்கே போனாலும் சரிந்து காலடிக்கே வந்துவிடும். வண்டி வராது. மாடு இறங்கும் சரிவு ஒன்று கொஞ்சம் தள்ளி மதகுப் பக்கமாக இருந்தது. பிள்ளைகள் இறங்கி ஏற அது போதும். வாய்க்காலுக்குள் இறங்குவது விதிப்படி குற்றம் என்பதும் எனக்குத் தெரியும். உள்ளே ஆடு கட்டியவர்களுக்கு நானே நோட்டீஸ் தயாரித்திருக்கிறேன். எனக்கு நானே ஒரு விலக்கு கொடுத்துக்கொண்டேன். அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

தினமும் காலையில் முதலில் நான் மட்டும் தடியோடு இறங்குவேன். பாட்டில் சில்லு, கருவேல முள், நண்டு வளை, பாம்புச் சட்டை எல்லாம் பார்ப்பேன். காட்டாமணக்குப் புதரைத் தட்டிவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்குவேன். பயப்படுவதில் நான் ஒழுங்கானவன். ஆனால் பயந்ததெல்லாம் தரையைப் பார்த்துத்தான்.

கண்ணை மூடுகிற அந்தப் பெண்ணுக்காக இரண்டு கட்டளை போட்டேன். பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. பந்து கைக்கு வருகிற வரைக்கும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. விளையாட்டுக்கு அதையே பெயராக வைத்தோம்: ‘கண்ணெடுக்காத ஆட்டம்’. யார் வேறு பக்கம் பார்க்கிறார்களோ அவர்கள் அவுட். மற்றவர்கள் காக்கா மாதிரிக் கத்துவார்கள், ரோட்டில் லாரி ஹாரன் அடிக்கும், யாரும் திரும்ப மாட்டார்கள். அவ்வளவு நன்றாகப் பழக்கினேன். வைகாசி முடிவதற்குள் அவள் கண்ணைத் திறந்தபடி ஒரு பந்தைப் பிடித்தாள். பிடித்ததும் அது எப்படிக் கைக்குள் வந்தது என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவளுடைய அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். அன்று கரை வழியாகப் போனவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பந்து கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். துணிப் பந்து என்று காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார்.

“அது எனக்குத் தெரியாம யாருக்கும்மா தெரியப்போவுது?” என்றேன்.

சரிதானே என்று அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

ஆனி பிறக்கும் நேரத்தில் மேட்டூரைத் திறந்தார்கள். சில நாளில் கல்லணையும் திறந்தாயிற்று என்று டிவியில் பூத் தூவிக் காட்டினார்கள். டீச்சருக்குக் கவலை வந்துவிட்டது. வாய்க்காலை விட்டுவிடலாமா என்று கேட்டார். நான் ஒரு தாளை எடுத்து அட்டவணை போட்டேன். தண்ணீர் எந்த நாளில் எங்கே இருக்கும், நம் ஆற்றுக்கு எப்போது வரும், எந்தெந்த வாய்க்காலுக்கு முதல் முறைத் தண்ணீர், எதற்கு இரண்டாம் முறை. நம் வாய்க்கால் இரண்டாம் முறை. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் நம் ஷட்டர் மூடியே இருக்கும். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மேற்பார்வையாளர் வருவது நான்காவது நாள். மேலும், தண்டோரா இல்லாமல் திறக்கவே முடியாது. தாளின் அடியில் கையெழுத்துப் போடாததுதான் குறை. டீச்சர் அதை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது நாள் காலை, பத்து மணி இருக்கும். பிள்ளைகள் என்னைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தார்கள். மதகு இருக்கிற திசைக்கு என் முதுகு. அந்தப் பெண் வரிசையை விட்டு நான்கடி முன்னால், கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பந்து போடப் போனேன். வரிசையில் இருந்த ஒரு குழந்தை, “தாத்தா, பின்னாடி” என்றது.

ஆட்டத்தில் ஒருவரையொருவர் அவுட் ஆக்க அவர்கள் செய்யும் தந்திரம் அது. எனக்கே ஒரு வாரமாக அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள்.

“பின்னாடியெல்லாம் பாக்கக் கூடாது. பந்தைப் பாரு” என்றேன்.

பிள்ளைகள் பார்வையைத் திருப்பிப் பந்தின் மேல் வைத்தார்கள். பதினொரு ஜோடிக் கண்கள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் குளிர்கிறது. முதலில் வந்தது புழுதி நனையும் வாசனை. நல்ல வாசனை என்றுகூட நினைத்தேன். அடுத்து இரண்டு எலிகள் என் காலுக்கு நடுவே ஓடின. பிறகு குதிகால் நனைந்தது.

திரும்பினேன். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. புதுத் தண்ணீர் பாய்ந்து வருவதில்லை. வைக்கோல், நுரை, பிளாஸ்டிக் பை, செத்த ஓணான் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நாக்கை நீட்டி நக்குவதுபோல ஊர்ந்து வரும். பார்க்கிறவருக்கு அதில் அவசரம் தெரியாது. ஆனால் பின்னால் வருவது முன்னால் வருவதைவிட உயரம். நான் நின்று பார்த்த நேரத்துக்குள் என் கணுக்கால் மறைந்தது. அந்தச் சரிவு மதகுப் பக்கம் இருந்தது. ஏற வேண்டுமானால் தண்ணீரை எதிர்த்துப் போக வேண்டும்.

சத்தம் போட்டேனா என்று தெரியவில்லை. போட்டதாக டீச்சர் சொல்கிறார். கையிலிருந்த பந்தைக் கரைமேல் எறிந்து, முதலில் எடுப்பவருக்குத்தான் பந்து என்று கத்தினேனாம். பெரிய பிள்ளைகள் நான்கு பேர் காட்டாமணக்கைப் பிடித்து ஏறிவிட்டார்கள். டீச்சர் ஓடி வந்து கரையில் குப்புறப் படுத்துக் கைகளை நீட்டினார். நான் ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி நீட்டினேன். ஐந்து, ஆறு, ஏழு. யாரோ என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார்கள், பிய்த்துக் கொடுத்தேன். எட்டாவது குழந்தையைத் தூக்கும்போது பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு நெளிந்து போனது. அது கடிக்காத ஜாதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தது எதற்கும் உதவவில்லை. ஒன்பது, பத்து.

பதினொன்று இல்லை.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாய்க்காலின் நடுவில், தொடைக்கு மேல் தண்ணீர், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு. கண்கள் இறுக்க மூடியிருந்தன. பாவாடை தண்ணீரில் மிதந்து அவளைச் சுற்றி விரிந்திருந்தது. அவள் அழவில்லை. அவளுக்குப் பந்து இன்னும் வரவில்லை, ஆகவே அசையவில்லை.

எங்களுக்கு நடுவே எட்டுத் தப்படி தூரம் இருக்கலாம். முதல் தப்படியிலேயே செருப்பு சேற்றில் மாட்டியது. காலை உருவிக்கொண்டு போனேன். அவள் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தேன். மணல் அவள் காலடியில் அரித்துக்கொண்டிருந்தது. நீட்டியிருந்த கைகள்தான் எனக்கு முதலில் அகப்பட்டன. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். டீச்சர் கையில் கொடுக்கும்போதுதான் கண்ணைத் திறந்து, “பந்து வரல” என்றாள்.

அரைமணி நேரம் கழித்து லஸ்கர் மொபெட்டில் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். அவரை எனக்கு வெகு காலமாகத் தெரியும். அவருடைய விடுப்புக் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். மதகுக்குக் கீழே இருக்கிற படித்துறையில் அன்று ஒரு வீட்டாருக்குக் கருமாதி. பிண்டம் கரைக்க ஓடுகிற தண்ணீர் வேண்டுமே, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் இப்படிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. லஸ்கர் ஷட்டரின் திருகை இரண்டு சுற்றுத் திருப்பியிருக்கிறார். கோடை முழுக்க எண்ணெய் காணாத திருகுத் தண்டு மேலே போனது, கீழே இறங்க மறுத்துவிட்டது. ஆற்றில் இருந்த அழுத்தத்துக்கு அந்தத் திறப்பே போதும்.

“ரெண்டு கொடம் தண்ணிக்குத்தாங்க தூக்குனேன். செத்தவங்க காரியத்துக்குத் தண்டோரா போட முடியுங்களா? எனக்கு இன்னும் ஒரு வருசம்தாங்க சர்வீசு. எழுதிடாதீங்க.”

எழுதாமல் இருக்கத்தான் நான் விரும்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதினால் முதல் பத்தியிலேயே, பிள்ளைகள் ஏன் வாய்க்காலுக்குள் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். அந்த அட்டவணையும் வெளியே வரும்.

மத்தியானம் அந்தப் பெண்ணின் அம்மா நாற்றங்காலிலிருந்து நேராக வந்தார், கையில் சேறு காயாமல். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் காலை, முதுகை, காதை எல்லாம் தடவிப் பார்த்தார்.

“நீங்கதான சார் சொன்னீங்க, ஒங்களுக்குத் தெரியாம வராதுன்னு” என்றார்.

மனு எழுதப்போகிறேன் என்றேன். அவர் மகளை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

“சொல்லாம இனிமே தண்ணி விட மாட்டோம்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும். வந்ததும் அனுப்புறேன். அதுவரைக்கும் எங்கூட வயலுக்கு வரட்டும்.”

அன்றே எழுதினேன். வாய்க்காலுக்குள் குழந்தைகளை இறக்கியது என் சொந்தப் பொறுப்பில் என்றும், அங்கன்வாடிப் பணியாளருக்கு இதில் பங்கில்லை என்றும் முதலில் சொல்லிவிட்டேன். லஸ்கரின் பெயரை எழுதவில்லை, பதவியை எழுதினேன். பதவியை எழுதினால் பெயர் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கேட்டது ஒன்றே ஒன்று: யார் கேட்டாலும், எந்தக் காரியத்துக்கானாலும், கரையில் நடந்து பார்க்காமல் ஷட்டரைத் தூக்குவதில்லை என்று எழுத்தில் உறுதி. பதிவுத் தபாலில் ஒப்புகைச் சீட்டோடு கோட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். நகல் மூன்று பேருக்கு.

மேற்பார்வையாளர் வந்தார், அங்கன்வாடி அறைக்குள்ளேயே பத்துப் பேருக்குப் பந்து போட்டுப் பார்த்தார், எட்டுப் பேர் பிடித்தார்கள், பாராட்டினார். பதினோராவது பெயருக்கு எதிரே டீச்சர் ‘வரவில்லை’ என்று எழுதினார்.

ஆடியில் வாய்க்கால் கரை தொட்டது. அந்தப் பெண்ணை நான் தினமும் பார்த்தேன். வயலின் வரப்பில், ஒரு சாக்கு விரிப்பில், வாய்க்காலுக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பாள். அம்மா குனிந்து வேலை செய்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்ப்பார். நாலு நாத்து நடுவதற்கு ஒரு முறை. அந்த நாலு நாத்து முடிகிற வரைக்கும் நான் பிள்ளையைப் பார்ப்பேன். அங்கன்வாடி அறையில் பூட்டுப் போட்ட கதவும் நான்கு சுவரும் இருந்தன. தண்ணீருக்குப் பயந்து தண்ணீர்க் கரையில் உட்கார்ந்திருந்தாள் பிள்ளை, நான் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தாளுக்காக.

நினைவூட்டல் ஒன்று. நினைவூட்டல் இரண்டு. இரண்டாவதில் ‘உயிர்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். அலுவலகத்தில் இந்தச் சொல் கண்ட கடிதங்கள் தனிக் கட்டாகப் போகும், தனிக் கட்டு கடைசியில் பிரிக்கப்படும். அதையும் மறந்துபோய்ச் சேர்த்தேன்.

வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் தினமும் காலை எட்டு மணிக்கு மதகிலிருந்து அங்கன்வாடி வரைக்கும் கரையில் நடக்க ஆரம்பித்தேன். நேரில். படித்துறையில் யாராவது இருந்தால் என்ன காரியம், யார் வீட்டார் என்று கேட்டேன். பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். லஸ்கர் என்னைக் கண்டால் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போவார். ஒருநாள் மட்டும் திருப்பவில்லை. திருகுத் தண்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டதாகச் சொன்னார். என் மனுவுக்குக் கிடைத்த ஒரே நடவடிக்கை அதுவாக இருக்கலாம்.

பதில் வந்த அன்று அதைப் பிரிக்காமலே வயலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சம்பாவுக்குக் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வரப்பேறி வந்து நின்றார். பிரித்துப் படித்தேன். மனுவில் கண்ட நாளில் மேற்படி வாய்க்காலில் தண்ணீர் திறக்கப்படவில்லை என்பது மதகுப் பதிவேட்டைச் சரிபார்த்ததில் தெரியவருகிறது. எனவே மனுதாரரின் கோரிக்கை பரிசீலனைக்கு உகந்ததல்ல. மேலும் வாய்க்காலுக்குள் பிரவேசிப்பது குற்றம் என்பதால் இனி அவ்வாறு செய்வதில்லை என மனுதாரர் எழுத்தில் உறுதி அளிக்க வேண்டும்.

உறுதி அளிக்க வேண்டியவன் நான்.

“அப்ப அன்னிக்கி வந்தது என்னா சார்?” என்று கேட்டார் அவர்.

பதிவேட்டில் ஏறாத தண்ணீருக்கு என்ன பெயர் என்று எந்தக் கையேட்டிலும் கிடையாது. அந்தப் பெண் சாக்கில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாய்க்கால் சத்தமில்லாமல் ஓடியது. தினமும் நானே கரையில் நடந்து பார்க்கிறேன், பிள்ளைகள் அங்கன்வாடிக் கதவைத் தாண்டுவதில்லை, வேறு ஒன்றும் என்னால் எழுதித் தர முடியாது என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். காகிதத்தைப் படித்தபோது அவர் முகத்தில் இல்லாத எதுவோ அப்போது வந்தது.

“நீங்க நடக்குறத தெனம் பாக்குறேன்” என்றார். “திங்கக்கெழம அனுப்புறேன்.”

மேல்முறையீடு செய்யலாமா என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். கடிதம் கையெழுத்தான நாளிலிருந்து முப்பது நாள்தான் காலக்கெடு. கையெழுத்தாகியிருந்தது ஆவணி மாதத்தில். எனக்கு வந்து சேர்ந்தது ஐப்பசி முதல் தேதி, சனிக்கிழமை.